டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் வாய்ப் புற்றும்

சூலைத் திங்கள் 30-ஆம் நாளை மருத்துவமனை நாளாகக் கொண்டாடுவதென்று தமிழக அரசு 2019-ஆம் ஆண்டு அறிவித்தது. அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பிறந்த நாள். சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் இந்தியப் பெண்மணி என்றும், தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் என்றும் பள்ளிப் பாடநூலில் அவரைப் பற்றிப் படித்திருக்கிறோம். பொது அறிவுத் தேர்வுக்கு அது போதும். விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவனாகிய நானோ வேறொரு வழியாக அவர் வாழ்வை வந்தடைந்தேன். பிராணவாயுக் குறைவு உயிரணுக்களை என்ன செய்கிறது, புற்றணுக்கள் எவ்வாறு இடம்விட்டு இடம் பரவுகின்றன என்று படிக்கத் தொடங்கி, வாய்ப் புற்றைப் பற்றிய பழைய ஆய்வுகளைத் தேடியபோது, அவற்றுள் சில சென்னை அடையாற்றிலிருந்து எழுதப்பட்டவை என்று கண்டேன். அந்த அடையாற்று நிலையத்தை உண்டாக்கியவர் அம்மையார். ஆகவே வரலாறும் விலங்கியலும் கலந்ததாகவே இக்கட்டுரை அமைந்துவிட்டது. கலைப் பிரிவு நண்பர்கள் நடுவே வரும் அறிவியலைக் கண்டு ஏட்டை மூடிவிட வேண்டாம். இயன்றவரை எளிமையாகச் சொல்ல முயன்றிருக்கிறேன்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் மன்னர் கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் வாழ்வு விளங்கும். ஒரு பக்கம் படிப்பு வீட்டிலேயே இருந்தது. மறுபக்கம் தாய்வழிக் குடும்பத்தைப் பற்றி ஊர் பேசும் பேச்சும் வாசலிலேயே இருந்தது. பெண் பருவமடைந்தால் பள்ளியை விட்டு நிறுத்துவதே அக்கால வழக்கம். அவருக்கு வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கப்பட்டது. மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறிய பின்னர் மன்னர் கல்லூரியில் சேர விரும்பினார். அது ஆண்கள் கல்லூரி. ஒரு பெண் உள்ளே வந்தால் மாணவர் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதி அளித்தார். பிற மாணவர்கள் பார்வையில் படாதவாறு திரைக்குப் பின்னால் அமர்ந்து அவர் பாடம் கேட்டதாகச் சொல்வார்கள். இன்று நம் வகுப்புகளில் பாதிக்கு மேல் மாணவியர் இருப்பதைப் பார்க்கும்போது, அந்தத் திரை எவ்வளவு அண்மைக் காலத்தது என்பதை எண்ணி வியக்கிறேன். நூற்றிருபது ஆண்டு என்பது நான்கு தலைமுறைதானே!

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். பதக்கங்கள் பல பெற்றார். எழும்பூர் அரசினர் மகப்பேறு மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராகப் பணியாற்றிய முதல் பெண் என்ற சிறப்பும் அவருக்கு உண்டு. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குத் தடை சொல்லலாகாது என்ற உடன்பாட்டின் பேரிலேயே அத்திருமணத்துக்கு அவர் இசைந்தார். இராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு புதல்வர்கள். இளைய மகனின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; கட்டுரையின் பிற்பகுதியில் அவர் வருவார்.

அம்மையார் வாழ்வின் திருப்பம் 1923-ஆம் ஆண்டு நேர்ந்தது என்பது என் கருத்து. அவருடைய தங்கை சுந்தராம்பாள் அவ்வாண்டு மலக்குடற் புற்றால் இறந்தார். நோயைத் தொடக்கத்தில் சீதபேதி என்றே மருத்துவர்கள் கருதினர். உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. மருத்துவம் படித்த ஒருவர் தம் உடன்பிறந்தாளுக்கு ஒன்றும் செய்ய இயலாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரண நோய் என்று நம்பிக் கழிந்த அந்தச் சில மாதங்களே அவர் மனத்தை அறுத்தவை. இந்நோய்க்கென்று தனி மருத்துவமனை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அது கைகூட முப்பத்தொரு ஆண்டுகள் ஆயின.

1925-இல் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். பெண்கள், குழந்தைகள் மருத்துவம் பயின்றதோடு, லண்டனில் இருந்த ராயல் புற்றுநோய் மருத்துவமனையையும் சென்று கண்டார். திரும்பியதும் சட்ட மேலவைக்கு நியமனம் வந்தது. அவைத் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி ஒழிப்பு, குழந்தை மணத் தடை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ வசதி என்று அவர் அங்கே ஆற்றிய பணிகள் தனிக் கட்டுரைக்கு உரியவை. அவரே அந்த அனுபவத்தைத் தனி நூலாக எழுதியுள்ளார். 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமியருக்கு வேறு புகலிடம் இல்லாத நிலையில் ஔவை இல்லம் உருவாயிற்று. தேவதாசி ஒழிப்புச் சட்டம் முழுமையாக நிறைவேறியது 1947-இல். அவர் தொடங்கிய வேலைகள் எல்லாமே ஏறத்தாழ இருபது ஆண்டுகளில்தான் முடிந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். பொறுமை என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் குணம் இதற்குப் போதாது.

புற்றுநோய் மருத்துவமனை எல்லாவற்றினும் அதிகக் காலம் பிடித்தது. சென்னைப் பொது மருத்துவமனையை ஒட்டி 1934-இல் பர்னார்டு கதிரியல் நிலையம் தோன்றியிருந்தது. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941-இல் திறக்கப்பட்டது. ஆனால் தென்னாட்டில் இந்நோய் ஒன்றுக்காகவே அமைந்த நிலையம் இல்லை. பணம் கேட்டுச் சென்ற இடங்களில், எப்படியும் சாகப் போகிறவர்களுக்கு எதற்கு மருத்துவமனை என்ற பொருளில் பதில் கிடைத்தது என்று அந்நிலையத்தார் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார்கள். இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் 1949-இல் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். (அதே நேருதான் 1957 மே 20-ஆம் நாள் நெய்வேலியில் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தவர்; நெய்வேலிக்காரன் ஆகையால் இதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.) 1954 சூன் 18-ஆம் நாள் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் பணி தொடங்கியது. பன்னிரண்டு படுக்கைகள், கூரை வேய்ந்த சிறு கட்டடம், இரண்டு மருத்துவர்கள், இரண்டு செவிலியர்கள். அம்மையாருக்கு அப்போது வயது 67. வெளிநாடுகளில் புற்றுநோய் மருத்துவம் பயின்று திரும்பிய மகன் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். மறு ஆண்டு ஏப்ரலில் இளம் மருத்துவர் வி. சாந்தா வளாகத்திலேயே வந்து தங்கினார்.

அங்கே வந்து குவிந்த நோயாளிகளில் வாய்ப் புற்றுக்காரர்கள் மிகுதி. மேல்நாட்டில் இந்நோய் அவ்வளவாக இல்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை போடும் நம் நாட்டில் அது முதல் வரிசையில் நின்றது. இன்றும் இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்று வாய்ப் புற்றே. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாக இதற்கு ஆளாகிறார்கள். அடையாற்றுக்கு வந்தவர்களோ பெரும்பாலும் கன்னம் புண்ணாகி, ஈறும் தாடையும் அரிக்கப்பட்டு, கழுத்தில் கட்டி தெரியத் தொடங்கிய பிறகே வந்தார்கள். 1957-இல் கனடா நாட்டின் உதவியால் கோபால்ட்-60 கதிர்க் கருவி நிலையத்துக்குக் கிடைத்தது. அது வந்ததும் பெரும் நம்பிக்கை பிறந்திருக்க வேண்டும். ஆனால் ஒரே அளவு கதிர் பாய்ச்சியும் சிறிய புண் ஆறிவிட, பெரிய கட்டி ஆறாமல் நின்றது. ஆறியது போலத் தோன்றிய சிலவும் மீண்டும் முளைத்தன. பெரிய கட்டிக்குள் என்ன இருக்கிறது?

இங்கேதான் பிராணவாயு வருகிறது. நெய்வேலியில் வாழ்பவர்களுக்குக் காற்றில்லா இடத்தின் தன்மையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் சேற்றில் புதைந்த மரங்கள் காற்றுப் படாத காரணத்தால் மக்காமல் பழுப்பு நிலக்கரியாயின. வெளிக்காற்றில் விழும் மரம் சில ஆண்டுகளில் மண்ணாகிவிடும். உள்ளே அடைபட்டது முற்றிலும் வேறொரு பொருளாகி, தோண்டி எடுத்துக் குவித்தால் தானாகவே சூடேறிப் புகையும் தன்மையைப் பெறுகிறது. புற்றுக் கட்டியின் நடுப்பகுதியும் ஓரளவுக்கு இப்படித்தான். நம் உடலில் பிராணவாயுவைக் கொண்டு செல்வது இரத்தம். நுண்குழாயிலிருந்து கசிந்து வெளிவரும் பிராணவாயு, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தூரம் செல்வதற்குள் உயிரணுக்களால் உண்ணப்பட்டுத் தீர்ந்துவிடும். கட்டியோ இரத்தக் குழாய் வளர்வதற்கு முன்னரே தான் வளர்ந்துவிடுகிறது. எனவே குழாயை ஒட்டிய அணுக்கள் செழித்திருக்க, தொலைவில் உள்ளவை மூச்சுத் திணறுகின்றன. அதற்கும் அப்பால் உள்ளவை மடிகின்றன. இதை 1955-இல் நுரையீரற் புற்றின் சீவல்களை நுண்பெருக்கியில் பார்த்து அளந்து சொன்னவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த தாம்லின்சன், கிரே என்போர். கதிர் அளவுக்கு இன்று வழங்கும் அலகின் பெயரும் அந்தக் கிரேயின் பெயரே.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1953-இல், கிரேயும் அவர் தோழர்களும் மற்றொன்றைத் தெளிவாக்கியிருந்தார்கள். பிராணவாயு உள்ள இடத்தில் கதிர் ஓர் அணுவைக் கொல்வதற்கு வேண்டிய அளவைப் போல, பிராணவாயு இல்லாத இடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு வேண்டும். கதிர் பட்டு அணுவின் மரபுப் பொருளில் முறிவு ஏற்படுகிறது. அம்முறிவை ஒட்ட முடியாதபடி நிலைக்கச் செய்வது பிராணவாயு. அது இல்லையேல் முறிவு மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. ஆக, மூச்சுத் திணறும் அணுக்களே கதிரிலிருந்து தப்பிப் பிழைக்கின்றன. மருந்தும் இரத்தத்தின் வழியேதான் செல்ல வேண்டும் என்பதால் அதுவும் அங்கே போதிய அளவு சென்று சேர்வதில்லை.

இதை வெல்வதற்குப் பல வழிகளில் முயன்றார்கள். லண்டனில் சர்ச்சில்-டேவிட்சன் என்பவர் 1955-இல் நோயாளியை அழுத்தம் மிகுந்த பிராணவாயு அறையில் படுக்க வைத்துக் கதிர் பாய்ச்சிப் பார்த்தார். அடையாற்றிலோ வேறு வழி. கதிரோடு மருந்தைச் சேர்த்துக் கட்டியின் எதிர்ப்பை உடைக்க முயன்றார்கள். கன்னப் புற்றுக்குச் சின்காவிட் என்னும் மருந்தைக் கதிரோடு கொடுத்துப் பெற்ற அனுபவத்தைக் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் மற்றொரு தோழரும் 1967-இல் ஆங்கில மருத்துவ ஏட்டில் வெளியிட்டார்கள். பின்னர் 1980-இல் பிளியோமைசின் என்ற மருந்தைக் கதிரோடு சேர்த்துக் கண்ட பயனையும் எழுதினார்கள். கூரைக் கொட்டகையில் தொடங்கிய ஒரு நிலையம் பதின்மூன்றே ஆண்டுகளில் உலக அறிவியலின் நடு வாதத்தில் தன் நோயாளிகளைக் கொண்டு பேசியது என்பதுதான் எனக்கு அம்மையாரின் பிற பெருமைகளைவிட வியப்பாக இருக்கிறது. 1967-இல் அவர் உயிருடன் இருந்தார், எண்பதைத் தாண்டியிருந்தார்.

அன்று எவரும் அறியாதிருந்தது ஒன்று உண்டு. மூச்சுத் திணறும் அணு, தப்பிப் பிழைப்பதோடு நிற்பதில்லை. கிளம்பிப் போகவும் செய்கிறது. 1992-இல் அமெரிக்காவில் செமென்சா என்பவரும் அவர் தோழரும் எச்.ஐ.எஃப்.-1 என்ற புரதத்தை இனங்கண்டார்கள். பிராணவாயு உள்ளபோது நம் அணுக்கள் இப்புரதத்தின் ஒரு பகுதியை உண்டாக்கி உண்டாக்கி உடனே அழித்துக்கொண்டே இருக்கின்றன. வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் பிராணவாயு குறைந்த கணமே அழிப்பு நின்றுவிடும். புரதம் சேர்ந்து உட்கருவுக்குள் நுழைந்து, உறங்கிக் கிடந்த மரபணுக்கள் பலவற்றைத் தட்டி எழுப்பும். காவல்காரன் தூங்காதிருக்க மணிக்கொரு முறை கம்பத்தில் தட்டுவானே, அந்த ஒலி நின்றதும் ஊர் விழித்துக்கொள்வது போல என்று வைத்துக்கொள்ளலாம். இந்த அமைப்பைத் தெளிவாக்கிய செமென்சா, கெய்லின், ராட்கிளிஃப் ஆகிய மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மலை ஏறுபவனுக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. புற்றணுவுக்கும் அதுவே உயிர் காக்கிறது என்பதுதான் கேடு. விழித்தெழும் மரபணுக்களில் சில, புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கின்றன. சில, பிராணவாயு இன்றிச் சர்க்கரையை எரித்துப் பிழைக்கும் வழியைத் திறக்கின்றன. வேறு சிலவே நம் பொருளுக்கு முக்கியமானவை. வாயின் உட்தோலில் உள்ள அணுக்கள் ஈ-கேதரின் என்ற புரதத்தால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, சுவரில் செங்கல் போல அடுக்கடுக்காக நிற்கின்றன. எச்.ஐ.எஃப்.-1 மிகும்போது இந்தப் பிடி தளர்கிறது. அணு தன் செங்கல் வடிவை இழந்து, நீண்டு, ஊர்ந்து செல்லும் தன்மை பெறுகிறது. அடித்தளச் சவ்வைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. பிறகு நிணநீர்க் குழாயில் புகுந்து கழுத்து நெறிக்கட்டியை அடைகிறது. தைவானில் தலை, கழுத்துப் புற்றுகளை ஆராய்ந்தவர்கள், இப்புரதம் ட்விஸ்ட் என்ற மரபணுவை நேரே தூண்டியே இவ்வேலையைச் செய்கிறது என்று 2008-இல் காட்டினார்கள். தைவானும் பாக்கு மெல்லும் நாடு என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

வாய்ப் புற்றில் கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவியதா இல்லையா என்பதுதான் முதற்கேள்வி. பரவிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. பரவுதற்குப் பிராணவாயுக் குறைவு ஒன்றே காரணமன்று. அணுவின் மரபுப் பிழைகளும் வேறு பலவும் உண்டு. எனினும் காலம் தாழ்த்துவது ஏன் கொடியது என்பதற்கு இது போலத் தெளிவான விடை வேறில்லை. நாளாக ஆகக் கட்டி பெருக்கிறது என்பது மட்டுமன்று. பெருத்த கட்டிக்குள் காற்றில்லா அறைகள் உண்டாகி, அவ்வறைகளில் அணுக்களின் குணமே மாறுகிறது. பொதுவாகச் சின்னப் புண்ணுக்குள் இவ்வறைகள் குறைவு. அறுவைக்கும் கதிருக்கும் அது அடங்கும். சுந்தராம்பாள் இழந்த மாதங்கள் எதற்குரியவை என்று அறிவியல் இப்போது சொல்கிறது.

பாக்கைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். புகையிலைதான் கேடு, வெறும் பாக்கில் ஒன்றுமில்லை என்று நம் வீடுகளில் இன்றும் நம்புகிறார்கள். பாக்கே புற்றை உண்டாக்கும் பொருள் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றாய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை உறுதி செய்கிறது. பாக்கு மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் நாராக இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். 1952-இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இதைக் கண்டு எழுதினார்கள். அதை ஒட்டி நம் நாட்டிலும் விவரிக்கப்பட்டது. பாக்கில் உள்ள செம்புச் சத்து லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதியைத் தூண்டி, நார்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. பிணைந்த நார்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை நெரிக்கின்றன. புற்று தோன்றுவதற்கு முன்பே கன்னம் மூச்சுத் திணறத் தொடங்கிவிடுகிறது! இவ்வாறு இறுகிய கன்னங்களில் எச்.ஐ.எஃப்.-1 மிகுந்திருப்பதை இலங்கை பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திலகரத்னவும் தோழர்களும் 2008-இல் எழுதினார்கள். பிராணவாயு குறைந்த புற்றணுக்கள் பரவுவதற்குச் சுரக்கும் பொருள்களில் ஒன்றும் அதே லைசில் ஆக்சிடேஸ்தான் என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

அதற்குக் காரணம் என் தாய்மாமன். சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. மேல்மண் அகற்றும் இடத்துப் புழுதியில் நாக்கு வறண்டுவிடும். பீடி பற்றவைக்கக் கூடாத இடங்களும் உண்டு. ஆகவே பாக்கும் புகையிலையும் கலந்த பொட்டலம் ஒன்றைப் பிரித்து இடக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது அவர் வழக்கம். குட்கா, பான் மசாலா ஆகியவற்றுக்கு 2013-இல் தமிழகத்தில் தடை வந்தது. தடை வந்ததும் விலை ஏறியது என்பதே மாமா கண்ட மாறுதல். சென்ற பொங்கலன்று எங்கள் வீட்டில் உண்ண உட்கார்ந்தவர், சாம்பார் எரிகிறது என்று மோர் சோற்றோடு எழுந்துவிட்டார். மூன்று விரல்களைச் சேர்த்து நெட்டாக நிறுத்தி வாயில் நுழைத்துப் பார்க்கச் சொன்னேன். நல்ல வாயில் மூன்று விரல் நுழைய வேண்டும்; அவருக்கு இரண்டுதான் நுழைந்தது. உடம்புச் சூடு என்றார். வலி இல்லையே, வலியில்லாததற்கு ஆஸ்பத்திரி எதற்கு என்பது அவர் வாதம். அம்மாவும் முதலில் தம்பி பக்கமே பேசினார். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று என்பது அவர் கவலை. வலி என்பது கடைசியில் வருவது, அது வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும் என்று நான் படித்ததையெல்லாம் கொட்டினேன். எச்.ஐ.எஃப். என்றெல்லாம் சொன்னதைவிட, முத்துலட்சுமி அம்மையாரின் தங்கைக்குச் சீதபேதி என்று சொல்லிவிட்டார்கள் என்ற கதைதான் அம்மாவை அசைத்தது. இரண்டு வாரம் கழித்து இருவரும் சென்று காட்டினார்கள். கன்னத்திலிருந்து சிறு சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதை எழுதும் வரை முடிவு வரவில்லை. பொட்டலத்தை விட்டுவிட்டதாக மாமா சொல்கிறார். சட்டைப் பையை அம்மா இன்னும் தினமும் சோதிக்கிறார்.

வெறும் கண்ணால் வாய்க்குள் பார்ப்பதால் உயிர் பிழைக்குமா என்று சிலர் ஐயுறலாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் ஊர் ஊராகச் சென்று பயிற்சி பெற்ற நலப் பணியாளர்கள் மக்களின் வாயை விளக்கொளியில் பார்த்துவந்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் இறப்பவர் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் அம்முடிவுகள் வெளிவந்தன. இதற்கு வேண்டியது கோபால்ட் கருவி அன்று. ஒரு விளக்கும், பார்க்கத் தெரிந்த ஒருவரும். ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, அதைவிட ஐயத்துக்குரிய செந்நிறப் படை, கழுத்தில் வலியில்லாத கட்டி, வாய் திறப்பதில் குறைவு ஆகியவை இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காட்டியாக வேண்டும் என்பதே மருத்துவர்கள் கூறுவது.

பிராணவாயுக் குறைவை நேரே எதிர்க்கும் மருந்துகளும் வந்துகொண்டிருக்கின்றன. டென்மார்க்கில் தொண்டைப் புற்றுக்குக் கதிர் கொடுக்கும்போது, மூச்சுத் திணறும் அணுக்களைக் கதிருக்கு இணங்கச் செய்யும் நிமோரசோல் என்ற மருந்தைச் சேர்த்துத் தந்து பயன் கண்டதாக 1998-இல் எழுதினார்கள். எனினும் வாய்ப் புற்றுக்கு அறுவையே இன்றும் முதல் மருத்துவம். தேவைக்கேற்பக் கதிரும் மருந்தும் பின்தொடர்கின்றன.

அம்மையாருக்கு 1956-இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. முதுமையிலும் நிலையத்துக்கு நிதி திரட்டுவதை அவர் நிறுத்தவில்லை. 1968 சூலை 22-ஆம் நாள், எண்பத்திரண்டு நிறைய எட்டு நாள் இருக்கையில், காலமானார். எச்.ஐ.எஃப். என்ற பெயரை உலகம் கேட்க அதற்குப் பின் இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. பன்னிரண்டு படுக்கைகள் இன்று ஐந்நூற்றுக்கும் மேல். அவற்றுள் பெரும்பகுதி பணம் கட்ட இயலாதவர்களுக்கு உரியவை. மகன் கிருஷ்ணமூர்த்தி 2010-இல் மறையும் வரை அந்நிலையத்தைச் சேர்ந்தவராகவே இருந்தார். 1955-இல் வளாகத்துக்குக் குடிவந்த சாந்தா அம்மையார், மகசேசே விருதும் பத்ம விபூஷணும் பெற்ற பிறகும் அங்கேயே தங்கி, 2021 சனவரி 19-ஆம் நாள் மறையும் வரை நோயாளிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.